வரத்தும் போக்கும்

(கொல்லிமலை, செம்மேட்டில் நடைபெற்ற இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



கொல்லிமலைக்கு அழைக்கப்படும் தமிழாசிரியர் வல்வில் ஓரியைப் பற்றிப் பேசாமல் இறங்கிச் செல்வது வழக்கமன்று. ஓரியின் வில்லாண்மையும் கொடைச் சிறப்பும் இந்த மேடையில் பத்தாண்டுகளாகப் பலராலும் பலவாறு பேசப்பட்டுவிட்டன. அதனால்தான் செயலாளர் அவர்கள் எனக்கு எழுதிய மடலில், "இம்முறை ஓரி வேண்டா, நம் பக்கத்து மனிதர் ஒருவரைப் பற்றி, யாரும் தொடாத கோணத்தில் பேசுங்கள்" என்று உரிமையுடன் கேட்டிருந்தார்கள். எண்ணிப் பார்த்தேன். காவிரிக்கு அக்கரையில், கரூரை அடுத்த வாங்கலாம்பாளையம் என்னும் சிற்றூரில் 1929ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 14ஆம் நாள் பிறந்த ஒருவரின் பெயர் மனத்தில் வந்து நின்றது. முனைவர் வா. செ. குழந்தைசாமி.

இப்பெயரைச் சொன்னதும் சிலர் முகத்தில் புன்னகையைக் காண்கிறேன். குலோத்துங்கன் என்ற புனைபெயரில் கவிதை எழுதியவரைப் பற்றி இலக்கிய வட்டத்தில் யாரும் தொடாத கோணம் என்ன இருக்கப் போகிறது என்று தாங்கள் நினைப்பது நியாயமே. ‘வாழும் வள்ளுவம்’ என்னும் நூலுக்காக 1988இல் சாகித்திய அக்காதெமி விருது பெற்றவர் என்பதை நாம் அறிவோம். மூன்று பல்கலைக்கழகங்களின் துணைவேந்தராக இருந்தார் என்பதையும் அறிவோம். எழுத்துச் சீர்திருத்தம் வேண்டும் என்று விடாது சொல்லி, நம்மில் பலருடைய சினத்துக்கு ஆளானவர் என்பதையும் மறந்துவிடவில்லை. ஆனால் அவர் எதில் முனைவர் பட்டம் பெற்றார்? தமிழ்த்துறையில் ஒருவரை ஒருவர் சந்தித்தால் பெயருக்கு அடுத்தபடி நாம் கேட்பது ஆய்வுத் தலைப்பைத்தான். அத்தகைய நாம் இவரிடம் மட்டும் அதைக் கேட்கவே இல்லை. என் துறை நண்பர்கள் ஐந்தாறு பேரிடம் வினவினேன். "ஏதோ பொறியியல்" என்று விடை வந்தது. ஓராண்டுக்கு முன்பு வரை என் விடையும் அதுவே.

அந்த ‘ஏதோ’ என்னும் சொல்லுக்குள் இருப்பதைத் திறந்து காட்டுவதே இன்றைய என் முயற்சி. சிவில் என்று நாம் வழங்கும் கட்டுமானப் பொறியியலின் ஒரு கிளை நீரியல். விழும் மழையில் எவ்வளவு ஆற்றுக்கு வந்து சேரும், எப்போது வந்து சேரும் என்பதைக் கணிப்பது அதன் தலையாய வேலை. கணிப்பொறி பல்கலைக்கழகங்களுக்குள் அடியெடுத்து வைத்த காலத்தில், அந்தக் கணிப்பை ஒரு பொதுச் சமன்பாடாக வகுத்தவர்களுள் முன்னவர் குழந்தைசாமி. அவர் வகுத்தது ‘குழந்தைசாமி மாதிரி’ என்று அவர் பெயராலேயே நீரியலில் வழங்குகிறது. ஒரு தமிழ்ப்பெயர் உலக அறிவியலில் இப்படி ஒட்டிக்கொள்வது நாள்தோறும் நடப்பதன்று.

நான் கணக்குப் படித்தவள் அல்லள். பள்ளியிறுதியில் கணக்கு என்னைக் கைவிட்டது. நானும் அதைக் கைவிட்டேன். ஆதலால் இதைப் புரிந்துகொள்ள, சிவில் பொறியியல் படித்த என் தங்கை மகனின் துணையை நாடினேன். இரண்டு மாலைகள் பொறுமையாக உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தான். "எழுத்துகளைப் பார்த்து மிரளாதீர்கள், பெரியம்மா. இது ஏரிக் கணக்குதான்" என்பதே அவன் முதல் பாடம். அவன் சொன்னதை என் மொழியில் சொல்கிறேன். பிழை இருப்பின் என்னுடையது.

இன்று காலை காரவள்ளியிலிருந்து பேருந்தில் ஏறிவந்தபோது நல்ல மழை. எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறக்குறைய பாதியைக் கடந்த நிலையில், எதிரே வந்த சுமையுந்துக்கு வழிவிட வேண்டிப் பேருந்து ஒரு வளைவில் கால் மணி நேரம் நின்றது. அதற்குள் மழை முற்றும் நின்றுவிட்டது. ஆனால் பாறையிடுக்கில் இறங்கிச் சாலையோரம் ஓடிய சிற்றோடையோ, மழை நின்ற பிறகு பெருகிற்று. முதலில் கல் தெரிந்தது, பிறகு தெரியவில்லை. மழை நின்றுவிட்டதே, பெருகும் நீர் அதுவரை எங்கே இருந்தது?

இதுதான் குழந்தைசாமியின் ஆய்வுக் கேள்வி. இம்மலையில் வாழும் உங்களுக்கு விடை தெரியும். சருகுக்குள் இருந்தது, மண்ணின் மேல் மெல்லிய ஏடாகப் படர்ந்திருந்தது, வரப்புக்குள் நின்றது, நூறு சிறு ஓடைகளில் நடந்துகொண்டிருந்தது. சுருங்கச் சொன்னால், மலை அதைச் சிறிது நேரம் தன்னிடம் வைத்திருந்து பிறகு கொடுத்தது. நம் உழவர்கள் ஏரிக்கு வரும் நீரை வரத்து என்பார்கள். வெளியேறுவதைப் போக்கு என்று கொள்வோம். இடையில் நிற்பது தேக்கம். வரத்திலிருந்து போக்கைக் கழித்தால் கிடைப்பது தேக்கத்தில் ஏற்படும் மாற்றம். வீட்டு வரவு செலவு எழுதும் எந்தப் பெண்ணுக்கும் இது விளங்கும். இது இயற்கையின் விதி. யாருடைய கண்டுபிடிப்பும் அன்று.

சிக்கல் அடுத்த படியில் இருக்கிறது. வானிலிருந்து விழுவதை மழைமானியால் அளக்கலாம். ஆற்றில் ஓடுவதையும் அளக்கலாம். மலை தன் மடியில் வைத்திருப்பதை எப்படி அளப்பது? அளக்க முடியாத அந்தத் தேக்கத்தை, அளக்கக்கூடிய வரத்தையும் போக்கையும் கொண்டு எப்படிச் சொல்வது? 1932இல் செர்மன் என்னும் அமெரிக்கப் பொறியாளர் ஒரு வழி கண்டார். ஒரு வடிநிலத்தில் ஓர் அங்குல மழைநீர் வழிந்தோடும்போது ஆறு எப்படி ஏறி இறங்குகிறது என்று ஒருமுறை அறிந்துகொண்டால், இரண்டு அங்குலத்துக்கு அதை இரட்டித்துக் கொள்ளலாம் என்பது அவர் முறை. எளிமையானது, பயன் மிக்கது, இன்றும் வழக்கில் உள்ளது. 1957இல் அயர்லாந்துக்காரராகிய நாஷ் என்பவர் வடிநிலத்தையே ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்த தொட்டிகளின் வரிசையாக உருவகித்தார். முதல் தொட்டியின் போக்கு அடுத்ததன் வரத்து. இதைக் கேட்டபோது எனக்கு வியப்புத் தோன்றவில்லை. ஓர் ஏரியின் கலங்கல் நீர் அடுத்த ஏரிக்கு வரத்தாகும் ஏரித் தொடர்களை நம் முன்னோர் தமிழகமெங்கும் மண்ணிலேயே கட்டிவைத்திருக்கிறார்கள் அல்லவா? நாஷ் அதை அறிந்திருக்க வேண்டிய தேவையில்லை. நாம் அறிந்திருக்கிறோம், ஆனால் சமன்பாடாக எழுதவில்லை.

இந்த இடத்தில்தான் குழந்தைசாமி வருகிறார். கரகபுரி என்று சிலர் எழுதும் கரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் முதுநிலைப் பட்டம் பெற்று, அமெரிக்காவின் இல்லினாய்ப் பல்கலைக்கழகம் சென்று, 1964இல் முனைவரானார். அங்கே அவருக்கு வாய்த்த பேராசிரியர் வென் தெ சௌ. சீனத்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றியவர். திறந்த வாய்க்கால்களில் நீரோட்டம் பற்றி 1959இல் அவர் எழுதிய பாடநூலை நீரியல் மாணவர்கள் இன்றும் புரட்டுகிறார்கள். காவிரிக் கரைக்காரருக்கு யாங்சி நாட்டுக்காரர் ஆசிரியராக அமைந்தது எனக்கு ஏனோ மகிழ்ச்சி தருகிறது. ஆய்வுக்கு இதனால் எதுவும் கூடிவிடவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

குழந்தைசாமி சொன்னது இது. தேக்கம் என்பது இப்போது எவ்வளவு வருகிறது, எவ்வளவு போகிறது என்பதை மட்டும் பொறுத்ததன்று. அவை எந்த வேகத்தில் மாறிக்கொண்டிருக்கின்றன என்பதையும், அந்த வேகமே எப்படி மாறுகிறது என்பதையும் பொறுத்தது. இங்கே நான் தடுமாறினேன். தங்கை மகன் ஓர் உவமை சொன்னான். "காய்ச்சல் நூற்றொன்று என்றால் மருத்துவருக்குப் போதுமா? ஏறுகிற நூற்றொன்றா, இறங்குகிற நூற்றொன்றா என்று கேட்பார் அல்லவா?" ஆகாய கங்கையில் இரண்டு வேளைகளில் ஒரே அளவு நீர் கொட்டுவதாகக் கொள்ளுங்கள். ஒரு வேளை வெள்ளம் ஏறிக்கொண்டிருக்கிறது. மற்றொரு வேளை வடிந்துகொண்டிருக்கிறது. அருவியைப் பார்ப்பவனுக்கு இரண்டும் ஒன்று. மேலே மலை வைத்திருக்கும் நீர் இரண்டு வேளைகளிலும் ஒன்றன்று. அடுத்த ஒரு மணி நேரத்தில் அருவி என்ன செய்யும் என்பதும் ஒன்றன்று. இதனை எல்லாம் உள்ளடக்கிய ஒரு பொதுச் சமன்பாட்டை அவர் அமைத்தார். அதன் கெழுக்கள் நீரின் அளவுக்கேற்ப மாறலாம் என்றும் பொதுவடிவில் இடம் விட்டார். இரட்டை மழைக்கு இரட்டை வெள்ளம்தான் வரவேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. நாஷின் தொட்டி வரிசை முதலிய முந்தைய முறைகள் இந்தப் பொதுச் சமன்பாட்டின் தனி வகைகளாக அடங்கிவிடுகின்றன. ஆசிரியரும் மாணவரும் இணைந்து எழுதிய கட்டுரையாக அது 1971இல் அமெரிக்கக் கட்டுமானப் பொறியாளர் சங்கத்தின் நீர்ப்பொறியியல் இதழில் வெளிவந்தது.

தொல்காப்பியம் படித்தவர்களுக்கு இந்த மனப்பாங்கு புதிதன்று. சிதறிக் கிடக்கும் விதிகளைக் கண்டு, அவை அனைத்தும் எதன் சிறப்பு விதிகள் என்று வினவி, பொது விதியை மேலே வைப்பது இலக்கண ஆசிரியன் செய்யும் வேலை. அவர் நீருக்கு இலக்கணம் எழுதினார் என்று சொன்னால் மிகையாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஆயினும் இலக்கணம் எழுதுவது ஒன்று. அதைக் கொண்டு ஒரு மழைக்குக் கணக்குப் போடுவது வேறொன்று. மணிதோறும் பெய்த மழை, மணிதோறும் ஓடிய நீர் ஆகிய இரண்டு பட்டியல்களிலிருந்து அந்தக் கெழுக்களைப் பிரித்தெடுக்கவேண்டும்; பிறகு அடுத்த மழைக்கு வெள்ளத்தைப் படிப்படியாகக் கணித்துக்கொண்டே போகவேண்டும். மடக்கை அட்டவணையையும் நழுவு அளவுகோலையும் வைத்துக்கொண்டு இதைச் செய்தால், கணக்கு முடிவதற்குள் வெள்ளம் வந்து வடிந்துவிடும். எனவே இத்தகைய சமன்பாடு பிறந்ததும் கணிப்பொறி வளர்ந்ததும் ஏறக்குறைய ஒரே காலத்தில் நிகழ்ந்தது தற்செயல் அன்று. இதில் சுவையான செய்தி ஒன்று உண்டு. கணிப்பொறியின் தந்தையருள் ஒருவரான செருமானியர் கொன்ராட் சூசே கட்டுமானப் பொறியியல் படித்தவர். ஒரே வகைக் கணக்கை மீண்டும் மீண்டும் போடும் சலிப்பிலிருந்து தப்பவே பொறி செய்யத் தொடங்கி, 1941இல் நிரல்வழி இயங்கும் கணிப்பொறியைச் செய்து முடித்தார். குழந்தைசாமி படித்த இல்லினாய்ப் பல்கலைக்கழகமோ 1952லேயே தனக்கெனச் சொந்தமாகக் கணிப்பொறி ஒன்றைக் கட்டிக்கொண்ட இடம். வெற்றிடக் குழாய்கள் மட்டும் இரண்டாயிரத்து எண்ணூறு. நம் நாட்டில் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துக்கு ஐ.பி.எம். 1620 வந்திறங்கியது 1963இல். அதாவது அவர் ஆய்வை முடிப்பதற்கு முந்தைய ஆண்டில்தான்.

இந்தக் கணக்கால் யாருக்கு என்ன என்று கேட்பவர்கள் 2015ஆம் ஆண்டு திசம்பர்த் தொடக்கத்தில் சென்னையில் இருந்தவர்களைக் கேட்கட்டும். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி நீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்டது. முன்னரே திறந்திருக்க வேண்டாவா என்று நெடுநாள் வாதிட்டோம். அந்த வாதத்தின் அடியில் இருப்பது இதே கேள்வி: இப்போது பெய்யும் மழையில் எவ்வளவு, எத்தனை மணி நேரத்தில் ஏரிக்கு வரும்? வா.செ.கு. அப்போது எண்பத்தாறு வயது முதியவராக உயிருடன் இருந்தார். அடுத்த ஆண்டு, 2016 திசம்பர் 10ஆம் நாள் மறைந்தார். அவருக்கு வந்த அஞ்சலிக் கட்டுரைகளில் நான் படித்தவை அனைத்தும் துணைவேந்தரையும் கவிஞரையும் பேசின. மழைக்கணக்கு ஒரு வரியில் முடிந்துபோயிற்று.

அவருடைய பதவிகளை விரிக்கப் போவதில்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகம், பிறகு 1981 முதல் 1990 வரை அண்ணா பல்கலைக்கழகம், பிறகு 1994 வரை இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்; 1992இல் பத்மஸ்ரீ, 2002இல் பத்மபூஷண். இவை எல்லா நூல்களிலும் உள்ளன. கவிதையைப் பற்றியும் ஒரு சொல். ‘மானுட யாத்திரை’ என்னும் நெடுங்காவியத்தை முயன்று படித்திருக்கிறேன். கருத்து முன்னே ஓட, சொல் மூச்சு வாங்கிப் பின்னே வரும் இடங்கள் அதில் பல உண்டு. மரபு யாப்பில் அவர் கைக்கொண்ட ஒழுங்கு போற்றத்தக்கது. எனினும் அவருடைய மிகச் சிறந்த படைப்பு எது என்று இன்று என்னைக் கேட்டால், நூலகத்தின் தமிழ் அடுக்கைக் காட்டமாட்டேன். அந்தச் சமன்பாட்டையே காட்டுவேன்.

இனி, நான் தயங்கித் தயங்கி ஒதுக்கி வைத்திருந்த செய்திக்கு வருகிறேன்.

தமிழ் எழுத்துகள் 247. ஆகார, ஏகார வரிசைகளில் உயிர்க்குறி தனியே நிற்கிறது; கா, கே என்று எழுதுகிறோம். இகர, ஈகார, உகர, ஊகார வரிசைகளில் குறி மெய்யோடு ஒட்டிக்கொள்கிறது. நான்கு வரிசை, பதினெட்டு மெய். ஆக 72 எழுத்துகள். இந்த 72க்கும் குறியைத் தனியே பிரித்து எழுதினால் குழந்தை கற்கவேண்டிய வடிவங்கள் பெரிதும் குறையும் என்பது குழந்தைசாமியின் வாதம். வீரமாமுனிவர் செய்த மாற்றத்தை ஏற்றோம். பெரியார் 1935இல் முன்வைத்த மாற்றங்களில் 13 எழுத்துகளுக்கு உரியவற்றை 1978இல் அரசாணை வழியாக ஏற்றோம். இதை மட்டும் ஏன் ஏற்கக்கூடாது என்று கேட்டார்.

நான் எதிர்த்தேன். 2010இல் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு கூடிய வேளையில் இந்த விவாதம் மீண்டும் சூடு பிடித்தது. அப்போது முனைவர் பட்ட ஆய்வாளராக இருந்த நான், எதிர்ப்பு மடல் ஒன்றில் கையொப்பமிட்டேன். அச்சாகிவிட்ட நூல்கள் அனைத்தும் அடுத்த தலைமுறைக்கு அயல் எழுத்தாகிவிடும் என்பது எங்கள் அச்சம். அந்த அச்சத்தில் உண்மை இல்லாமல் இல்லை; இன்றும் அவருடைய திட்டத்தை முழுமையாக ஏற்க என் மனம் ஒப்பவில்லை. ஆனால் அன்று நாங்கள் வேறொன்றும் எழுதினோம்: "மொழியின் அருமை அறியாத பொறியாளரின் கணக்கு" என்று. அந்த வரியை எழுதியவர்களுள் நானும் ஒருத்தி. அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவே இந்த மேடையைப் பயன்படுத்திக்கொள்கிறேன்.

காரணம் என் தாய். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் ஊர் ஊராகப் பரவியபோது, எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் திண்ணையில் அரிக்கேன் விளக்கைச் சுற்றி உட்கார்ந்து எழுத்துக் கற்ற பெண்களுள் அவரும் ஒருவர். எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். பகலெல்லாம் மரவள்ளிக்காட்டில் களை எடுத்துவிட்டு வந்து சிலேட்டைப் பிடிப்பார். அ, ஆ வந்தது. கா வந்தது, கே வந்தது. கி, கீ கூட வந்தது. உகர வரிசையில் நின்றுவிட்டார். கு ஒரு மாதிரி வளைகிறது, சு நேராகக் கீழே இறங்குகிறது, து சுழிகிறது, மு வேறு மாதிரி போகிறது. ஊகாரத்தில் கூ, சூ, தூ, மூ என்று அவை மறுபடியும் பிரிந்து போகின்றன. "ஒண்ணுக்கு ஒரு வழி இருந்தா சரி, ஒவ்வொண்ணுக்கும் ஒரு வழின்னா எப்படி அம்மிணி?" என்று என்னிடம் கேட்டார். நான் சிரித்தேன். மூன்று மாதத்தில் கையெழுத்துப் போடக் கற்றார், அதோடு நிறுத்திக்கொண்டார். அவர் பெயரில் உகரம் இல்லை.

என் தாய் கேட்டதும் குழந்தைசாமி கேட்டதும் ஒரே கேள்வி. இதைக் காண எனக்கு முப்பது ஆண்டுகள் ஆயின. தமிழ் படித்துப் பட்டம் பெற்ற எங்களுக்கு அந்த 72 வடிவங்கள் கண்ணுக்கே தெரிவதில்லை. நாங்கள் அவற்றைக் கடந்து வந்துவிட்டோம். வெள்ளக் கணக்குப் போடும் பொறியாளர் மட்டுமே, மொழிக்குள் வர முயலும் ஒருவருக்கு எந்த இடத்தில் தேங்குகிறது, எவ்வளவு தேங்குகிறது என்று எண்ணிப் பார்த்தார். வடிநிலத்திலும் எழுத்திலும் அவர் பார்த்தது தேக்கத்தைத்தான்.

இதன் முடிவு வேடிக்கையானது. இன்று நம் கைப்பேசிகளில் உள்ள தமிழ் ஒருங்குறியில் இயங்குகிறது. 1991இல் வெளியான அதன் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. 2010இல் தமிழக அரசும் அதனை ஏற்றது. ‘கு’ என்று நீங்கள் தட்டும்போது பொறியின் நினைவகத்தில் ‘கு’ என்று ஓர் எழுத்து பதிவாவதில்லை. ககரம் ஒன்று, உகரக்குறி ஒன்று என இரண்டாகப் பதிவாகின்றன. திரையில் காட்டும்போதுதான் எழுத்துரு அவ்விரண்டையும் இணைத்து நாம் பழகிய வடிவத்தைத் தீட்டுகிறது. ஜு, ஷு என்னும் கிரந்த எழுத்துகளில் அக்குறி கண்ணுக்கே தனியாகத் தெரிவதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். ஆக, குழந்தைசாமி வேண்டிய பிரிப்பு பொறிக்குள் நடந்துவிட்டது. நாங்கள் வேண்டிய வடிவம் பொறிக்கு வெளியே நிலைத்துவிட்டது. இருவருக்கும் வெற்றி என்று சொல்லிக் கலைந்துவிடலாம். ஆனால் பொறிக்குக் கிடைத்த எளிமை குழந்தைக்குக் கிடைக்கவில்லை. இங்கே அமர்ந்திருக்கும் உண்டி உறைவிடப் பள்ளி ஆசிரியர்கள், தம் குடும்பத்தில் முதன்முதலாக ஏடு எடுக்கும் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பிக்கிறார்கள். உகர வரிசை வரும் வாரத்தில் வகுப்பில் என்ன நடக்கிறது என்பதை என்னைவிட அவர்கள் நன்கு அறிவார்கள். வடிவத்தை மாற்றவேண்டா என்று வாதிட்ட என்னைப் போன்றவர்கள், அந்த வாரத்தை எப்படிக் கடத்துவது என்பதற்கு ஒரு பாடத்திட்டமேனும் எழுதித் தந்திருக்க வேண்டும். தரவில்லை.

இன்னொரு செய்தியையும் சொல்லவேண்டும். 1999ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாடுதான் இன்று நாம் பயன்படுத்தும் ‘தமிழ்99’ விசைப்பலகைக்கு வழி வகுத்தது. அதை முன்னின்று நடத்திய முனைவர் மு. ஆனந்தகிருஷ்ணனும் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் கட்டுமானப் பொறியியலில் முனைவர் பட்டம் பெற்றவரே. அண்ணா பல்கலைக்கழகத்தில் குழந்தைசாமிக்கு அடுத்து வந்த துணைவேந்தரும் அவரே. அந்த மாநாட்டில் அறிவிக்கப்பட்டுப் பிறகு உருவான தமிழ் இணையப் பல்கலைக்கழகத்துக்குத் தலைமை ஏற்றவர் குழந்தைசாமி. இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்ற பெயரில் அது வைத்திருக்கும் மின்னூலகத்தைத் தொடாமல் என் மாணவர் ஒருவரும் ஆய்வேடு எழுதுவதில்லை. ஆக, நம் மொழியைக் கணிப்பொறிக்குள் ஏற்றிய வேலையில் முன்நின்றவர்களுள் இருவர் அணையும் ஆறும் படித்தவர்கள். தமிழ்த்துறையினர் எத்தனை பேர் அன்று அந்த அரங்கில் இருந்தார்கள் என்று எண்ணிப் பார்க்க எனக்கு அச்சமாக இருக்கிறது.

புறநானூற்றில் குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்குச் சொன்ன அறிவுரையை வகுப்பில் ஆண்டுதோறும் நடத்துகிறேன். நிலம் தாழ்ந்த இடம் பார்த்து நீரைத் தேக்கி வைக்கச் சொல்லும் பாட்டு அது. பொருள், துறை, திணை எல்லாம் சொல்லி முடிப்பேன். எவ்வளவு நிலத்து நீர் அங்கே வந்து சேரும் என்று ஒரு மாணவன் கேட்டிருந்தால், அது தேர்வில் வராது என்று உட்கார வைத்திருப்பேன்.

இந்த உரைக்காக ஓராண்டு தேடியதில், அந்தச் சமன்பாட்டைத் தமிழில் விளக்கும் கட்டுரை எதுவும் என் கைக்கு எட்டவில்லை. ‘அறிவியல் தமிழ்’ என்று நூலே எழுதியவர் அவர். அவருடைய அறிவியலைத் தமிழில் சொல்ல வரத்து, போக்கு, தேக்கம், வடிநிலம், கலங்கல் என்ற சொற்கள் உங்கள் பேச்சிலேயே இருக்கின்றன. புதிதாகப் படைக்கவேண்டியவை மிகச் சிலவே. எனவே செயலாளர் அவர்களிடம் ஒரு விண்ணப்பம். இம்மலையிலிருந்து இறங்கிச் சென்று பொறியியல் படித்த இளைஞர்கள் சிலர் இருப்பதாகச் சற்றுமுன் சொன்னீர்கள். அவர்களுள் ஒருவர் 1971ஆம் ஆண்டுக் கட்டுரையை எடுத்துக்கொள்ளட்டும். இம்மலையில் தோன்றிக் காவிரியில் கலக்கும் ஐயாற்றையே எடுத்துக்காட்டாக வைத்து, ஒரு மழையை அளந்து, ஒரு வெள்ளத்தை அளந்து, கணக்கைத் தமிழில் எழுதட்டும். சந்திப்பிழை, ஒற்றுப்பிழை பார்த்துத் தருவது என் பொறுப்பு. எங்கேனும் புரியாவிட்டால் என் தங்கை மகனிடம் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த மலரில் ஓரியைப் பற்றிய கட்டுரைகளுக்கு நடுவே அதற்குப் பத்துப் பக்கம் ஒதுக்குமாறு இப்போதே கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.